தரப்படும்

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரிடம் கிடைத்தது. கன்னம் வீங்கிப்போய் நாலைந்து பேர் காத்திருந்தோம். சுவரில் இருந்த டி.வி.யில் தேர்தல் விவாதம். வரவேற்பறைப் பெண் போன் பேச வேண்டுமென்று சத்தத்தை அணைத்துவிட்டாள். இரண்டு வேட்பாளர்கள் ஆளுக்கொரு மேசைக்குப் பின்னால் நின்று வாயசைத்தார்கள். திரையின் கீழ்மூலையில், தபால்தலை மாதிரி ஒரு பெட்டிக்குள், கறுப்புச் சட்டை போட்ட பெண் ஒருத்தி கையசைத்துக்கொண்டிருந்தாள். சத்தமில்லாத அந்தத் திரையில் பேசிக்கொண்டிருந்தது அவள் மட்டும்தான். எங்களில் ஒருவருக்கும் அது புரியவில்லை.

நான் வாராவாரம் திகில் தொடர் எழுதிப் பிழைப்பவன். புத்தி எங்கே போகும்? வீட்டுக்கு வந்ததும் எழுதினேன்:

'அவளுடைய சுட்டுவிரல் மடங்கியது. அது மொழி அல்ல, சங்கேதம். நகரத்தின் மறுகோடியில் ஒருவன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு—'

நிறுத்திவிட்டேன். துப்பாக்கிக்காரனை மறந்துவிடுங்கள். அவனுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை.

2

மறுபடி ஆரம்பிக்கிறேன்.

அந்தக் கறுப்புச் சட்டைப் பெண்ணை அக்கா என்று வைத்துக்கொள்வோம். அவள் தங்கைக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அக்கா கைப்பேச்சை, அதாவது சைகை மொழியைக் கற்றுக்கொண்டது தங்கைக்காக. பிறகு, மற்றவர்கள் பேசுவதை அதில் பெயர்த்துச் சொல்வதே பிழைப்பாகிவிட்டது.

விவாத அரங்கில் மத்தியான ஒத்திகை. குள்ளமான வேட்பாளர் நிற்க ஒரு பலகை போட்டிருந்தார்கள். கேமரா கால்களைக் காட்டாது. யாருக்கும் வியர்க்கக் கூடாதென்று ஏ.சி.யை அதிகமாக வைத்து, பார்வையாளர்களைப் போர்வை கேட்காத குறையாக உட்கார வைத்திருந்தார்கள். கைதட்டக் கூடாது என்பதற்கும் அவர்களுக்கு ஒரு ஒத்திகை நடந்தது.

அரங்கைக் கவனித்துக்கொள்ளும் ஃப்ளோர் மேனேஜர் அக்காவிடம் வந்தார்.

"முகத்துல ஒண்ணும் காட்டாதீங்க மேடம். கட்சிக்காரங்க ஏதாவது சொல்லுவாங்க."

"முகம் இல்லாம இந்த மொழி இல்லைங்க. கேள்வின்னா புருவம் தூக்கியாகணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப கொஞ்சமா தூக்குங்க."

கைப்பேச்சில் யாரைப் பற்றிப் பேசினாலும் அவருக்கு முதலில் நம் எதிரே காற்றில் ஓர் இடம் கொடுத்துவிட வேண்டும். அக்கா ஆளுங்கட்சி அமைச்சரைத் தன் வலப்பக்கத்திலும் மற்ற வேட்பாளரை இடப்பக்கத்திலும் நிறுத்திக்கொண்டாள். அதன் பிறகு வலப்பக்கம் கை போனால் அமைச்சர் என்று பொருள். வீட்டில் தங்கை அவருக்கு வைத்திருந்த அடையாளம் வேறு: விரலால் தலைசீவுவது. மனிதர் எதற்கெடுத்தாலும் தலையைக் கோதுவார். சீப்பு என்றே அவருக்குப் பெயர். நேரலையில் அந்தச் சைகை கைதவறி வந்துவிடப் போகிறதே என்று அக்காவுக்கு உள்ளூரப் பயம்.

3

தங்கை, காது கேளாதோர் பள்ளி ஒன்றில் ஆசிரியை. பள்ளி இருக்கும் இடத்தை அரசாங்கம் விற்கப்போகிறது என்று பேச்சு. வெகுதூரத்து ஊரிலிருந்து அவளுக்கு வேறு வேலை வந்திருந்தது. வருகிறேன், வரவில்லை என்று விவாதத்துக்கு மறுநாள் காலையில் ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பள்ளி இருக்கும் என்று யாராவது பொறுப்பெடுத்துச் சொன்னால் அவள் இருப்பாள். இல்லையென்றால் கிளம்பிவிடுவாள். விவாதத்தில் அந்தக் கேள்வி வரும் என்பது அவளுக்குத் தெரியும். கேட்கப்போவது அவளுடைய வகுப்புப் பிள்ளை ஒன்றின் அப்பா.

அந்த வீட்டில் இருப்பது அவர்கள் இரண்டு பேர்தான். தங்கை போய்விட்டால் அக்காவின் கைகளுக்கு அங்கே வேலை இருக்கும், பேச்சு இருக்காது.

(தங்கையை முதலில் பாவப்பட்ட பெண்ணாக எழுதியிருந்தேன். பக்கத்துக்குப் பக்கம் கண்ணீர். நேரில் பார்த்திருந்தால் என் வீங்கிய கன்னத்திலேயே ஒன்று வைத்திருப்பாள். கிழித்துவிட்டேன்.)

விவாதத்தன்று காலையில் சமையலறையில் நடந்தது இது. கையால் பேசியதைக் காதால் கேட்டதுபோல் எழுதுகிறேன்; எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"சாயங்காலம் நான் சீப்போட மூஞ்சியப் பாக்க மாட்டேன். உன் கையத்தான் பாப்பேன்."

"அவர் சொல்றதத்தான் நான் சொல்லுவேன்."

"நான் போகக் கூடாதுன்னு உனக்கு இருக்கு."

அக்கா குழாயைத் திறந்து தட்டைக் கழுவ ஆரம்பித்தாள். கை ஈரமாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை. தங்கை குழாயை மூடினாள்.

"எனக்காக ஒண்ணும் சேக்காதக்கா. ஒரு விரல்கூட."

4

கேள்வி வந்தது. அந்த அப்பா எழுந்து நின்று, பள்ளி இருக்குமா போகுமா என்று நேராகவே கேட்டார்.

அமைச்சர் தலையைக் கோதினார். புன்னகைத்தார். "அந்தப் பிள்ளைகள் நம் பிள்ளைகள். அவர்களுக்குத் தகுந்த ஏற்பாடு நிச்சயமாகச் செய்து தரப்படும்."

நம் தமிழில் இந்தப் 'படும்' ஒரு கனமான திரை. பின்னால் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்று தெரியாது. கதை முட்டிக்கொண்டு நிற்கும்போது நானும் 'கதவு திறக்கப்பட்டது' என்று எழுதி, 'தொடரும்' போட்டுவிடுவேன். திறந்தது யாரென்று அடுத்த வாரம் யோசித்துக்கொள்ளலாம்.

அக்காவின் மொழியில் அது நடக்காது. 'தருவது' என்றால் கை ஓரிடத்தில் புறப்பட்டு இன்னோரிடத்தில் போய்ச் சேர வேண்டும். சேருமிடம் பிள்ளைகள். புறப்படுமிடம்?

வலப்பக்கத்திலிருந்து புறப்பட்டால், 'நான் தருகிறேன்' என்று அமைச்சரே வாக்குக் கொடுத்ததாகிவிடும். தங்கை நம்புவாள். இருப்பாள். கையை ஒரு சாண் நகர்த்தினால் போதும்.

கை நின்றது.

5

[முடிவு அ. அடித்துவிட்டேன்.]

கை வலப்பக்கத்திலிருந்து புறப்பட்டது. தங்கை அந்த வேலையை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அக்காவும் தங்கையும் பழையபடி…

ஆசையாகத்தான் எழுதினேன். ஆனால் தங்கை தினமும் எதை நம்பிப் பள்ளிக்குப் போகிறாள்? அமைச்சர் கொடுக்காத வாக்கை. கொடுத்தது அக்கா.

[முடிவு ஆ. இதையும்.]

'தரப்படும். யார்? சொல்லவில்லை' என்று அக்கா நாடறியச் சொன்னாள். கட்சி அலுவலகத்திலிருந்து போன் பறந்தது. அக்காவின் வேலை போனது.

என் பத்திரிகை ஆசிரியர் இதை அட்டைப்படமே ஆக்கிவிடுவார். ஆனால் அந்த 'யார்' அமைச்சர் வாயில் வந்ததல்ல, அக்கா மனசில் வந்தது. ஒரு விரல்கூட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகவே நடந்தது இதுதான். கை நடுவிலிருந்து புறப்பட்டது. இரண்டு வேட்பாளர்களுக்கும் இடையில், யாரும் நிற்காத இடத்திலிருந்து. பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது. அவர் சொன்னதற்குக் கூடவுமில்லை, குறையவுமில்லை. அதற்குள் மற்றவர் பேச ஆரம்பித்துவிட்டதால் அக்கா ஓடிப் பிடிக்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு அந்த விவாதத்தைப் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். யார் ஜெயித்தார் என்று பார்த்தவர்கள், யார் திணறினார் என்று பார்த்தவர்கள், தொடர் எப்போது போடுவார்கள் என்று சலித்துக்கொண்டவர்கள். மூலையை மட்டும் பார்த்தவள் எழுந்து டி.வி.யை அணைத்தாள்.

6

அக்கா வீட்டுக்கு வந்தபோது தங்கை கூடத்தில் நின்றிருந்தாள்.

"காலி இடத்துலேருந்து குடுத்த."

"அவர் அப்படித்தான் சொன்னார்."

"புரிஞ்சுது. அதுக்கு முன்னாடி கை நின்னுச்சே. ஏன்?"

இங்கே நான் மாட்டிக்கொண்டேன்.

'வார்த்தை புரியல' என்று அக்கா சொல்லலாம். அது பொய். தங்கையிடம் கையால் சொல்கிற முதல் பொய். 'உனக்காக மாத்திச் சொல்லப் பாத்தேன்' என்றும் சொல்லலாம். அது உண்மை. அதைக் கேட்டு உருகித் தங்கை தங்கிவிடலாம். இனி இவள் கையை எப்படி நம்புவது என்று கிளம்பியும் விடலாம். அக்காவுக்கே தெரியவில்லை. அவளைக் கொண்டுவந்து இந்த இடத்தில் நிறுத்திய எனக்கும் தெரியவில்லை.

'உண்மை சொல்லப்பட்டது' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் பத்திரிகையில் யாரும் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. தங்கை கேட்பாள்.

அக்கா பையைக் கீழே வைக்கிறாள். கைகளைத் தூக்குகிறாள். இனி அவளுக்காக நான் பேசுவது முறையல்ல. அவள் பதிலை நீங்கள் சொல்லுங்கள். ஆனால் 'நான்' என்று தொடங்கிச் சொல்லுங்கள்.