அழகம்மாள் இறக்கிவிட்ட ஐந்து பேர்

சித்திரபானு வருஷம் சித்திரை மாதம் எங்கள் வீட்டுக்கு ஓடு மாற்றினோம். இலுப்பூருக்குத் தெற்கே எங்கள் ஊர். கோடை மழைக்குள் வேலையை முடித்துவிட வேண்டும் என்று கொத்தனார் நல்லதம்பியை அழைத்திருந்தேன். அவர், அவருடைய ஆட்கள் மூன்று பேர், நான், ஆக ஐந்து பேர் கூரைமேல் இருந்தோம். கீழேயிருந்து ஓடுகளைக் கூடையில் வைத்து ஏற்றிவிட்டவள் என் மனைவி அழகம்மாள்.

பிற்பகலில் பாதிக் கூரை பிரிந்து கிடந்தபோது மேற்கே வானம் கறுத்தது. தொலைவில் ஓர் உறுமல் கேட்டது.

"எல்லாரும் எறங்குங்க," என்றாள் அழகம்மாள்.

நல்லதம்பி சிரித்தார். "மழை மணப்பாறைப் பக்கம் இருக்கு, தங்கச்சி. ஓட்டக் குடு."

"மழைக்கு முன்னாடியே இடி விழும்ணே. சத்தம் கேட்டா மேல நிக்கக்கூடாது."

அவள் சித்தன்னவாசல் மலையடியில் ஆடு மேய்த்து வளர்ந்தவள். ஒரு சொட்டு மழை விழாத நேரத்தில், பாறைமேல் நின்ற மூன்று ஆடுகள் இடி தாக்கிச் சரிந்ததைக் கண்ணால் பார்த்தவள். எனக்கும் அது தெரியும். ஆனால் அப்போது என் நினைப்பெல்லாம் வீட்டுக்குள் இருந்த விதைநெல்மேல்தான்.

"நெல்லு நனைஞ்சா நீயா மொளைக்க வைப்ப? கூடையத் தூக்கு," என்று கத்தினேன்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி வந்து, கூரையின் உச்சி மோட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க அஞ்சு பேரும் எறங்குனப்பறம் நான் எறங்குறேன்."

குரல் உயரவே இல்லை. நல்லதம்பிதான் முதலில் எழுந்தார். "தங்கச்சிய இப்புடி ஒக்கார வச்சுட்டு என்னத்த வேலை பாக்குறது? எறங்குங்கப்பா."

கடைசியாக அவள் இறங்கினாள். புளியமரத்தடிக்குப் போகப் பார்த்த ஆட்களை, "மரத்தடி வேணாம், இங்கிட்டு வாங்க," என்று எதிரே இருந்த, சுண்ணாம்புக் காரை போட்ட வீட்டுக்குள் விரட்டினாள். நாங்கள் உள்ளே நுழைந்து கதவைச் சாத்துவதற்குள் கண் குருடாகும்படி ஒரு வெளிச்சம். கூடவே இடி. எட்டிப் பார்த்தால், நாங்கள் இருந்த மோட்டின் உத்திரம் நெடுக்கப் பிளந்து புகைந்துகொண்டிருந்தது. ஓடுகள் தெருவெல்லாம் சிதறிக் கிடந்தன. அதன்பிறகுதான் மழை பிடித்தது.

நல்லதம்பி அவளைப் பார்த்துக் கைகூப்பினார்.

விதைநெல் ஊறிப்போயிற்று. அவித்துக் குத்திச் சாப்பாட்டுக்கு வைத்துக்கொண்டோம். விதைக்கு அவள் அண்ணன் இரண்டு மூட்டை அனுப்பினார். "நான் அன்னைக்குக் கத்தியிருக்கக் கூடாது," என்று அவளிடம் சொன்னேன்.

"சரி, ஒடைஞ்ச ஓட்டுக்கு எப்ப வண்டி கட்டப் போறீங்க?" என்றாள்.

அதுமுதல் நல்லதம்பி எந்த ஊரில் வேலை செய்தாலும் இடிச்சத்தம் கேட்டதும் ஆட்களை இறக்கிவிடுவார். யாராவது கேட்டால், "அழகம்மா உத்தரவு," என்பார். ஒருநாள் இலுப்பூர்ச் சந்தையில் நான்கைந்து கொத்தனார்களிடம் என்னைக் காட்டி, "இவருதான் அழகம்மா வீட்டுக்காரரு," என்றார். அவர்கள் எழுந்து எனக்கு இடம் கொடுத்தார்கள்.

ரத்தினவேல் என்ற என் பெயரை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.