தனியாப் போகலாம்

பதினொரு வருஷ வளைகுடா வாழ்க்கையில் என்னிடம் யாரும் அபிப்பிராயம் கேட்டதில்லை. வண்டியை எடு, வண்டியை நிறுத்து, யல்லா, ஜல்தி. எனக்கு வந்த பேச்செல்லாம் இவ்வளவுதான். அப்படிப்பட்டவனை ஒருநாள் ஆபீசுக்குக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, "ரெண்டு வண்டியில எது நல்ல வண்டின்னு நீங்கதான் சொல்லணும்" என்று கேட்டால் தலைகால் புரியுமா? எனக்குப் புரியவில்லை. அந்தத் தலைகால் புரியாத சந்தோஷத்தில்தான் மார்க்கண்டு அண்ணனை நான் தொலைத்தேன்.

2007ஆம் வருஷம். அபுதாபிக்கு மேற்கே, மதீனத் சாயித் தாண்டி உள்ளே, பாலைவனத்தில் கிடக்கும் குழாய்களைப் பார்த்துக்கொள்கிற கம்பெனி எங்களுடையது. காலையில் வண்டியை எடுத்தால் குழாயை ஒட்டியே நூற்று முப்பது கிலோமீட்டர் போய், மதியத்துக்கு மேல் திரும்ப வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு ஆள் என்பது கம்பெனிச் சட்டம். நான் டிரைவர். மார்க்கண்டு அண்ணன் ஹெல்பர். வால்வு இருக்கும் இடத்தில் எல்லாம் இறங்கி, மீட்டரைப் பார்த்து, நோட்டில் எழுதுவது அவர் வேலை. ஒருவன் வெயிலில் மயங்கி விழுந்தால் இன்னொருவன் தூக்க வேண்டும் அல்லவா, அதற்குத்தான் இரண்டு ஆள்.

கேம்பில் இருநூற்று நாற்பது பேர். தமிழ் பேசுகிறவர்கள் நாங்கள் இருவர்தான். நான் முதுகுளத்தூர்ப் பக்கம், அவர் யாழ்ப்பாணம். ஐம்பத்திரண்டு வயது, குச்சி போல உடம்பு, கயிறு கட்டிய கண்ணாடி. ஊரில் கூட்டுறவுச் சங்கக் கடையில் கணக்கெழுதியவர். முதல் மாதம் அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் பேசியதில் பாதி அவருக்குப் பிடிக்கவில்லை. "தம்பி, தமிழை ஏன் உப்பிடிக் கடிச்சுத் துப்புறியள்?" என்பார். நாலு வருஷத்தில் நிலைமை எப்படி ஆயிற்று என்றால், போனில் என் பெண்டாட்டி ஜோதிமணி ஏதோ கேட்க, நான் ஆமா என்பதற்கு அவரை மாதிரியே "ஓம்" என்று சொல்லிவிட்டேன். "என்னங்க, சாமி வந்துருச்சா?" என்றாள். இதைச் சொன்னதும் அண்ணன் மூன்று வால்வு தூரம் சிரித்துக்கொண்டே வந்தார்.

கம்பெனியின் பழைய பிக்கப் வண்டிகள் எல்லாம் ஓட்டை உடைசலாகிவிட்டன. புதிதாக எட்டு வாங்கப் போகிறார்கள், அதுவும் பெரிய அமெரிக்க வண்டி என்று பேச்சு வந்தது. வண்டி விற்கிற போட்டிக் கம்பெனிகள் இரண்டும் ஆளுக்கு ஒரு வண்டியை ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கக் கொடுத்திருந்தன. ஒன்று வெள்ளை, ஒன்று சில்வர். பெயரைச் சொல்லி யாருக்கும் விளம்பரம் செய்ய எனக்கு வேண்டுதல் இல்லை.

டிரான்ஸ்போர்ட் பொறுப்பில் இருந்த கலீலுர் ரஹ்மான் பாய் கீழக்கரைக்காரர், எங்கள் மாவட்டம்தான். ஆனால் அவர் இருந்தது அபுதாபி ஆபீசில், மாதத்தில் ஒருநாள்தான் கேம்புக்கு வருவார். அவர்தான் வண்டிகளுக்கு மார்க் போடச் சொல்லி அச்சடித்த பாரம் ஒன்றை நீட்டினார். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். கடைசியில் ஒரு பெரிய கட்டம்.

"மார்க்கு மட்டும் போட்டுட்டுப் போயிராதிய. கடைசிக் கட்டத்துல ஒங்க மனசுல பட்டத எழுதுங்க. தமிழ்லயே எழுதுங்க, நான் இங்கிலீஸ்ல போட்டுக்கிறேன்" என்றார்.

இரண்டு வண்டியையும் பெண் பார்க்கிற மாதிரி பார்த்தேன். சில்வருக்கு இழுவை அதிகம். தண்ணீர் டேங்கரைக் கட்டி இழுத்தால்கூட முனகாது. சீட் மெத்தை மாதிரி இருந்தது, ஏசி கால்விரல் வரைக்கும் வந்தது. ஆனால் படி உயரம். அண்ணன் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கித்தான் ஏறினார். வெள்ளையில் ஏசி முகத்தோடு நின்றுவிடும். அதோடு, வண்டி சறுக்காமல் தானே பிடித்து நிறுத்துகிற ஒரு ஏற்பாடு அதில் இருந்தது. தார் ரோட்டில் அது தெய்வம், மணலில் அதுவே சனியன். சக்கரம் கொஞ்சம் சுழன்றாலே எஞ்சினின் குரல்வளையை நெரித்துவிடும். மணலில் இறங்குமுன் ஒரு பட்டனை அழுத்தி அதை அணைக்க வேண்டும். மறந்தால் மண்வெட்டிதான். அதற்கு மூன்று மார்க் குறைத்தேன்.

ஒருநாள் சரளைப் பாதையில் சில்வர் தொண்ணூறில் போய்க்கொண்டிருந்தபோது மேட்டுக்குப் பின்னாலிருந்து ஒட்டகம் வந்துவிட்டது. பிரேக்கை மிதித்தேன். வண்டி அரைச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. புழுதி அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. அண்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "என்ன தம்பி, திரும்பிக் கேம்புக்குப் போறமோ?" என்றார். ஒட்டகத்துக்குக் கால் உயரம். காலை இடித்தால் உடம்பு நம் கூரைமேல்தான் விழும். அந்த நாட்டில் வண்டியின் மூஞ்சியைப் பார்த்து ஏமாறக் கூடாது, கூரையைத் தாங்குகிற தூணைப் பார்க்க வேண்டும். வெள்ளையின் தூண் தடிமன், பக்கவாட்டிலும் ஏர்பேக் இருந்தது. அடுத்த வாரம் அதே பாதையில் காலி டிரம்மை நிறுத்திவைத்து, அதே தொண்ணூறில் போய் வெள்ளையை மிதித்தேன். நூல் பிடித்த மாதிரி நேராக நின்றது. மனசு அங்கேயே முடிவு செய்துவிட்டது.

வெள்ளையில் இன்னொன்றும் இருந்தது. ரேடியோவுக்கு மேலே சின்னதாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு லைட். பக்கத்து சீட்டில் ஆள் இல்லாவிட்டால் அது எரியும். ஆளே இல்லாத சீட்டுக்கு ஏர்பேக் எதற்கு என்று வண்டியே அதை அணைத்து வைத்திருக்கிறது, அதைச் சொல்கிற லைட். அண்ணன் எப்போதும் சீட்டின் நுனியில் உட்கார்ந்து குழாயைப் பார்த்துக்கொண்டே வருகிறவர். அப்படி உட்கார்ந்தால் அவருடைய எடை அந்த சீட்டுக்குப் போதவில்லை. அவர் உட்கார்ந்திருக்கும்போதே லைட் எரிந்தது.

"உதென்ன லைற்?"

"ஆளில்லைன்னு சொல்லுதுண்ணே."

"நான் இருக்கிறது உதுக்குத் தெரியேல்லையோ?"

"நல்லா சாஞ்சு உக்காருங்க, தெரியும்."

சாய்ந்தார், அணைந்தது. முன்னால் நகர்ந்தார், எரிந்தது. அன்று முழுவதும் சின்னப் பிள்ளை மாதிரி இதே விளையாட்டு. அந்த லைட்டுக்குப் பத்துக்குப் பத்து போட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, மெஸ் ஹாலில் உட்கார்ந்து பாரத்தை முடித்தேன். கடைசிக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தேன். எங்கள் பக்கம் ஒன்றை மெச்ச வேண்டும் என்றால் நீட்டி முழக்க மாட்டோம். நல்ல பாதை என்றால், அதில் தனியாப் போகலாம் என்போம். நல்ல பஸ் என்றால், பொம்பளைப் பிள்ளை நம்பித் தனியாப் போகலாம் என்போம். பயமில்லை என்று அர்த்தம், வேறொன்றும் இல்லை. நானும் அப்படியே எழுதினேன்: 'வெள்ளை வண்டியை நம்பி எங்கேயும் தனியா போகலாம்.'

அண்ணனிடம் காட்டினேன். வாய்க்குள் வாசித்தார். "வடிவான வசனம். ஆனா இதில ஒரு 'ப்' போடோணும் தம்பி" என்று சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, 'தனியா'வுக்குப் பின்னால் அவரே ஒரு 'ப்' போட்டார்.

ஆறு வாரத்தில் எட்டு வெள்ளை வண்டி வந்து வரிசையாக நின்றது. எனக்கு நிலைகொள்ளவில்லை. பாகிஸ்தானி டிரைவர்கள் எல்லாம் முதுகில் தட்டினார்கள். மறுநாள் நோட்டீஸ் போர்டில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ஒன்றாம் தேதி முதல் ஒரு வண்டிக்கு ஒரு ஆள். வண்டி எங்கே நிற்கிறது என்று ஆபீசிலிருந்தே பார்க்கிற கருவி பொருத்தப்படும். ஹெல்பர் எட்டுப் பேருக்கும் விசா கேன்சல். ஆறாவது பெயர் மார்க்கண்டு.

அன்று பாய் கேம்புக்கு வந்திருந்தார். ஓடினேன்.

"பாய், இது என்ன அநியாயம்? யார் சொன்னது ஒத்த ஆளு போதும்னு?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நீங்கதான் எழுதியிருந்திய."

"நானா?"

கோப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து, நடுவில் அண்ணனுடைய 'ப்'. கீழே அவருடைய இங்கிலீஷ். என்ன போட்டிருக்கிறார் என்று கேட்டேன். "இந்த வண்டியில ஒரே ஆள் தனியாப் போயி வேலை பாக்கலாம்னு போட்டேன். மேல உள்ளவக அந்த வரியத்தான் கோடு போட்டு வச்சிருந்தாக."

"பாய், நீங்களும் நம்ம பக்கம்தான. நம்மூர்ல தனியாப் போகலாம்னா என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

பாய் காகிதத்தைத் திரும்பக் கோப்புக்குள் வைத்தார். அவருக்குத் தெரியும். அவசரத்தில் எழுதும்போது தெரியவில்லை, அவ்வளவுதான். வேறு பாரம் கொடுங்கள், சில்வர்தான் நல்லது என்று எழுதித் தருகிறேன், பொய் சொன்னேன் என்று கையெழுத்துப் போடுகிறேன் என்றெல்லாம் கெஞ்சினேன். "வண்டி வந்தாச்சு கார்மேகம். ஆள் கொறையுதுன்னா எந்தக் கம்பெனி வேணாங்கும்?" என்றார். எனக்கு ஒரு டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை.

எல்லாம் நான் எழுதிய வரியால் வந்தது என்று கடைசி டூட்டியில்தான் அண்ணனிடம் சொல்ல முடிந்தது. ஏழாவது வால்வுக்கும் எட்டாவது வால்வுக்கும் நடுவில் வைத்துச் சொன்னேன். எட்டில் இறங்கி மீட்டர் பார்த்து எழுதினார், ஒன்பதில் இறங்கி எழுதினார். ஏறி உட்கார்ந்து, "வசனத்தில பிழையில்லைத் தம்பி. நான்தானே திருத்தினனான்" என்றார்.

சண்டை நடந்ததால் யாழ்ப்பாணத்துக்குப் பாதையை அடைத்திருந்தார்கள். கொழும்பில் தங்கச்சி செல்லம் வீட்டில் இருக்கப் போவதாகச் சொன்னார். வழக்கம் போல நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். லைட் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பாத்தியளே, இது அண்டைக்கே சொன்னது, இஞ்சை ஆளில்லையெண்டு."

என்னால் அடக்க முடியவில்லை. வண்டியை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். அவர் என் தோளைத் தொடவில்லை, அதெல்லாம் அவருக்கு வராது. மெல்லப் பின்னால் நகர்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டி, நன்றாகச் சாய்ந்துகொண்டார். லைட் அணைந்தது. கேம்ப் வரைக்கும் அப்படியே சாய்ந்தபடி வந்தார். வழியில் ஒருமுறைகூடக் குழாயைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நான் தனியாகத்தான் போனேன். ஆறு மணி நேரம், ஒரு சொல் பேசாமல். கேம்புக்கு வந்து 'அச்சா பாய்' என்று சொல்ல வாயைத் திறந்தால் குரல் கட்டியிருக்கும். வால்வு நம்பரை உரக்கச் சொல்லிப் பார்த்தேன். பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், அந்த லைட்டைத்தான் பொறுக்க முடியவில்லை. காலையில் சாவி போட்டதிலிருந்து திரும்பி வரும் வரைக்கும், ஆளில்லை, ஆளில்லை என்று எரிந்துகொண்டே வந்தது.

மூன்று மாதம் கழித்து இன்னொரு பாரம் வந்தது. புது வண்டியில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டிருந்தார்கள். இந்த முறை ஒவ்வொரு எழுத்தாக யோசித்து, 'ப்' எல்லாம் பார்த்துப் போட்டு எழுதினேன்: 'பக்கத்தில் ஆளில்லை என்று எந்நேரமும் லைட் எரிகிறது. தாங்க முடியவில்லை.' பாய்க்குப் புரியும் என்று நினைத்தேன். இரண்டு ஆள் சட்டம் திரும்பி வரும் என்றுகூட ஒரு நப்பாசை.

பத்து நாள் கழித்து வொர்க்ஷாப்பிலிருந்து மெக்கானிக் மூசா வந்தார். கையில் ஒரு சீட்டு. லைட் எரிவதால் டிரைவருக்குக் கண் கூசுகிறது என்று பாய் அதில் போட்டிருக்கிறாராம். உள்ளே குனிந்து, அந்த லைட்டின் மேல் கறுப்பு டேப் ஒரு துண்டு வெட்டி ஒட்டினார். கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார்.

"கலாஸ் பாய். அப் டீக் ஹை?" முடிந்தது, இப்போது சரியா என்கிறார்.

"டீக் ஹை" என்றேன்.

மறுநாள் வண்டி ஓட்டிப் பார்த்தேன். லைட் இல்லை. பக்கத்து சீட்டைப் பற்றி யாருக்கும் எந்தப் புகாரும் இல்லை. ஒன்பதாவது வால்வு வரைக்கும்தான் என்னால் முடிந்தது. வண்டியை நிறுத்தி, நகத்தால் சுரண்டி அந்த டேப்பைக் கிழித்து எறிந்தேன். எரியட்டும். அவர் இல்லை என்று சொல்ல அந்த நாட்டில் எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.