வில்லன் வீட்டுப் பாயசம்

தாத்தாக்கள் கரும்பு வெட்ட வந்த இந்தத் தீவில், லம்பாசா ஊரில் எங்கள் கோயில் மண்டபத்தில் நாடகம் போட்டால், அதில் வரும் கெட்டவனுக்கு நாடகம் எழுதியவர் வீட்டு ஆள் ஒருவர் பெயரைத்தான் வைக்க வேண்டும். யாரும் கூடிப் பேசிப் போட்ட சட்டமில்லை. அடிதடியில் பிறந்த வழக்கம். ஒரு வருஷம் குடிகார மாமனாருக்கு நாயுடு என்று பெயர் வைத்தார்கள், நாயுடு வீட்டார் பாதியில் எழுந்து போனார்கள். அடுத்த வருஷம் கவுண்டர் என்று வைத்தார்கள். அவர்கள் எழுந்து போகவில்லை, மேடைக்கே ஏறி வந்துவிட்டார்கள். இந்தச் சின்ன ஊரில் எந்தப் பெயரை எடுத்தாலும் அதற்குச் சொந்தக்காரன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பான். கடைசியில் கமிட்டித் தலைவர் பாலசுப்பிரமணிதான், "எழுதறவங்க தங்க வீட்டுப் பேரையே வெச்சுக்கட்டும், அப்ப யாரு சண்டைக்கு வருவா?" என்று கேட்டார். அதோடு சண்டை ஓய்ந்தது.

கெட்டவன் பெயரை மேடையில் முதல் தடவை சொன்னதும் மண்டபமே அந்த வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நாடகம் முடிந்ததும் அந்த வீட்டிலிருந்து எல்லோருக்கும் பாயசம் வரும். மனத்தாங்கல் ஒன்றுமில்லை என்று காட்டத்தான் அந்தப் பாயசம். நாங்கள் அதை வில்லன் வீட்டுப் பாயசம் என்போம்.

நான் சுஷீலா. ஊருக்குள்ளேயே நசியாப் பக்கம் என் வீடு. நாடகத்துக்கு உடுப்பு தைப்பது என் வேலை. கொஞ்ச வருஷமாக நாடகம் எழுதுவது பக்கத்து வீட்டு சரோஜ். பள்ளிக்கூடத்து டீச்சர், என் மகன் வயசு. பிள்ளைகளுக்குத் தமிழ் புரியாது என்பதால் நாடகத்தை இந்தியில்தான் எழுதுவாள். சாமி பாட்டு மட்டும் தமிழில். என்னோடு பேசுவது மட்டும் எப்போதும் தமிழ்தான்.

பட்டாளம் இரண்டு தடவை ஆட்சியைப் பிடித்து முடித்த மறுவருஷம் அது. ஞாயிற்றுக்கிழமை பஸ் கிடையாது, விளையாட்டு கிடையாது, வெளியே தலைகாட்டவே யோசனை. இந்தியர்களுக்கு இனி இங்கே இடமில்லை என்று ஆகி, ஊரில் ஒவ்வொரு வீடாகக் காலியாகிக்கொண்டிருந்தது. சொல்லிக்கொண்டு போனவர்கள் குறைவு. தெரிந்தால் தடுப்பார்களோ, வீடு புகுந்து திருடுவார்களோ, பார்த்த வேலை போய்விடுமோ என்று ஆயிரம் பயம். ஜன்னலில் திரைச்சீலை தொங்கும், கொடியில் துணிகூடக் காயும், உள்ளே ஆள் இருக்காது. பிறகு சிட்னியிலிருந்தோ வான்கூவரிலிருந்தோ போன் வரும்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. என் மகன் யோகேந்திரா, மனைவி அஞ்சீதாவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தலைநகர் சுவாவில் ஒரு கல்யாணம் என்று கிளம்பினான். நான்தான் குழந்தைக்குப் புதுச்சட்டை தைத்துக் கொடுத்தேன். போன் வந்தது சிட்னியிலிருந்து. ஊரில் கேட்டவர்களிடமெல்லாம், "என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான், நான்தான் வெளிய சொல்ல வேணாம்னேன்" என்று சொல்லிவைத்தேன். பெற்ற தாயிடமே சொல்லாமல் போனான் என்று எந்த வாயால் சொல்வது? மார்க்கெட்டில் யாராவது "மகன் எப்படி இருக்கான்?" என்று கேட்டால் கத்தரிக்காயைப் பொறுக்குவதுபோலத் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்த வருஷம் சரோஜ் எழுதிய நாடகமே இதைப் பற்றித்தான். தாயை விட்டுவிட்டு, சொல்லாமல் கப்பலேறும் ஒருவனின் கதை. எழுதுவதற்கு முன்னால் என்னிடம் வந்து, "அக்கா, ஒங்களுக்குக் கஷ்டமா இருக்குமா?" என்று கேட்டாள்.

"எனக்கென்ன கஷ்டம்? என் புள்ள சொல்லிட்டுத்தானே போனான்" என்றேன்.

நம்பினாளா என்று எனக்குத் தெரியாது.

சரோஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. நாடகத்தில் ஒரே ஒரு வரி பேசிவிட்டுப் போகிறவனுக்குக்கூட முழு வம்சம் வேண்டும். அவன் தாத்தா எந்த ஊரிலிருந்து கிர்மிட் என்ற கூலி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு வந்தார், எந்தத் தோட்டத்தில் கரும்பு வெட்டினார், அப்பனுக்குக் குத்தகை நிலம் கிடைத்ததா இல்லையா, வீட்டில் விறகடுப்பா மண்ணெண்ணெய் அடுப்பா, எல்லாம் முடிவு செய்யாமல் எழுத மாட்டாள். மேடையில் இதில் ஒன்றுகூட வராது. "இது எதுக்குடி ஒனக்கு?" என்று கேட்டால், "எங்கேர்ந்து வந்தவன்னு தெரியாம அவன் வாயில பேச்சு வராது, அக்கா" என்பாள். நான் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்த வம்சங்களை உண்டாக்குவாள். அவள் நாடகங்களில் வந்த சீதைக்கும் பக்கத்து வீட்டுக்காரிக்கும் நானே எத்தனையோ மாமியார்களைக் கொடுத்திருக்கிறேன்.

இந்த ஓடிப்போகிறவனுக்கு மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. "எப்படியும் எங்க வீட்டுக்காரர் பேருதான் வெக்கணும். வம்சமும் எங்க வீட்டு வம்சமாவே இருக்கட்டும்" என்றாள். சேலம் பக்கத்திலிருந்து வந்த தாத்தா, மில்லில் வேலை பார்த்த அப்பா, டீச்சர் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், முன்னறையில் பச்சைப் பெயின்ட் அடித்த பீரோ. பெயர் தேவேந்திரா. அவள் புருஷன் பெயர் அதுதான்.

"பாத்துடி, நெசமாவே கெளம்பிடப் போறீங்க" என்றேன் விளையாட்டாக.

"நாங்க எங்கக்கா போகப் போறோம்? ஒங்கள யாரு பாத்துக்குவா?" என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். மகன் போன பிறகு எனக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுத்தது அவள்தான். அவளும் ஒருநாள் திரைச்சீலையைத் தொங்கவிட்டுப் போய்விட்டால் என் கதி என்ன என்ற பயம் எனக்கு இருந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டதும் பயம் விட்டுப்போயிற்று.

கடைசி ஒத்திகை புதன்கிழமை சாயங்காலம். ஆண்கள் ஒரு மூலையில் யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ரூபர்ட்தான் ஓடிப்போகிறவன் வேஷம். மெத்தடிஸ்ட் சபைக்காரன், வருஷா வருஷம் எங்கள் கோயிலுக்கு வில்லன் அவன்தான். நான் அவன் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். சரோஜ் வந்து யார் முகத்தையும் பார்க்காமல், "தேவேந்திராங்கற பேர மாத்திடலாம். கேக்க நல்லா இல்ல" என்றாள்.

கிண்ணத்தைக் கை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். இந்த வழக்கம் வந்த நாளிலிருந்து தன் வீட்டுப் பெயரை யாரும் திருப்பிக் கேட்டதில்லை. குடிகாரனுக்கும் திருடனுக்கும் கொடுத்திருக்கிறார்கள், பொண்டாட்டியை அடிக்கிறவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அது பொய் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் சிரிக்க முடியும். சொல்லாமல் ஓடுகிறவனுக்குக் கொடுத்த பெயரை ஒருத்தி திருப்பிக் கேட்டால் அதற்கு என்ன அர்த்தம்? ஊசி என் விரலில் ஏறிவிட்டது.

"சரி, வேற யாரு வீட்டுப் பேரு வெக்கறது?" என்று பாலசுப்பிரமணி மெதுவாகக் கேட்டார்.

மற்ற வருஷமாக இருந்தால் என் பேரை வை, உன் பேரை வை என்று கூத்தடித்திருப்பார்கள். அன்றைக்கு ஒவ்வொருவரும் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் பாஸ்போர்ட் தயாராக இருந்ததோ, சாமிக்குத்தான் வெளிச்சம். சரோஜ் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள். முகம் காதுமடல் வரை சிவந்திருந்தது. எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம் வந்தது. கூடவே, அவளை அப்படி நிற்க வைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

"என் வீட்டுப் பேர வெச்சுக்கோங்க. யோகேந்திரா. பொருத்தமாத்தான் இருக்கும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஊரெல்லாம் சொல்லி வைத்த பொய்யை நானே போட்டு உடைத்துவிட்டேன். ரூபர்ட் என் கையிலிருந்த கோட்டை வாங்கிக்கொண்டு, "ஆச்சு அக்கா, பொத்தான் நல்லாருக்கு" என்றான். பாதிப் பொத்தான்தான் தைத்திருந்தேன். அன்றைக்கு சரோஜ் என்னோடு சேர்ந்து வீட்டுக்கு நடக்கவில்லை.

ஊரடங்கு வந்த காலத்திலிருந்து நாடகம் பகலில்தான். சனிக்கிழமை மதியம் மண்டபம் நிறைந்துவிட்டது. நான் விடியற்காலையிலேயே பாயசம் வைத்துப் பெரிய சட்டியில் கொண்டுபோய் மேஜைமேல் வைத்தேன். நாடகம் தொடங்கியது. ஓடிப்போகிறவன் பெட்டியை ஒளித்து வைக்கும் காட்சியில் அவன் மனைவி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

"யோகேந்திரா."

நான் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். சிரிக்கட்டும், என்ன இப்போது, தலையா போய்விடும் என்று. ஆனால் மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது என்னை அல்ல, சரோஜை. அவள் பெயரைத் திருப்பிக் கேட்ட கதை மூன்று நாளில் ஊரெல்லாம் பரவியிருந்தது. என் மகன் பெயரைக் கேட்டு அத்தனை தலையும் அவள் பக்கம் திரும்பியது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. தேவேந்திரா ஆண்கள் பக்கத்தில் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சரோஜ் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு மேடையையே பார்த்தாள், கண் இமைக்கவில்லை.

எனக்கு அப்போது ஒரு நிம்மதி வந்தது. இத்தனை நாள் என்மேல் இருந்த பார்வை வேறொருத்திமேல் போய்விட்டதே என்ற நிம்மதி. அடுத்த நிமிஷமே என்னை நினைத்து எனக்கே அருவருப்பாக இருந்தது.

நாடகம் முடிந்து சாமி பாட்டும் முடிந்தது. எல்லோரும் பாயசத்துக்கு எழுந்தார்கள். என் சட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு சட்டி இருந்தது. சரோஜ் வீட்டு அலுமினியச் சட்டி. எப்போது கொண்டுவந்து வைத்தாளோ தெரியாது. மூடியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் நின்றாள். சட்டியை ஊர் முன்னால் வைத்தபிறகு சொல்வதற்கு என்ன இருக்கிறது?

வரிசையில் வந்தவர்கள் என் சட்டியிலிருந்தே வாங்கிக்கொண்டு போனார்கள். அவள் சட்டிப் பக்கம் ஒரு டம்ளர்கூட நீளவில்லை. கோபமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அவளிடம் வாங்கிக் குடித்தால் அவள் போவதற்குச் சரி என்று சொன்னதாகிவிடும், அதைச் சொல்ல ஒருவருக்கும் மனசில்லை.

நான் கரண்டியைப் பாலசுப்பிரமணியிடம் கொடுத்துவிட்டு ஒரு டம்ளரோடு அவள் முன்னால் போய் நின்றேன். அவள் விளிம்புவரை ஊற்றினாள். அங்கேயே நின்று குடித்தேன்.

"யோகேந்திரா என்கிட்ட சொல்லல, சரோஜ்" என்றேன். "முந்தின நாள் வந்து பாயசம் வைம்மான்னான். ரெண்டு தரம் கேட்டு வாங்கிக் குடிச்சான். புள்ளைக்கு ஆசை போலன்னு இருந்துட்டேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அவரு யாருக்கும் தெரியக் கூடாதுன்னாரு அக்கா. எனக்கே போன வாரந்தான் சொன்னாரு."

"யாருக்கோ சொல்ல வேணாம். எனக்குச் சொல்லு."

அவள் புருஷன் இருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தாமல், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, "வியாழக்கிழமை காலைல பிளேன், அக்கா. ஆக்லாந்துக்கு" என்றாள்.

என்னைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே ஆளும் போகிறாள். நியாயமாக எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். ஒருத்தி என்னிடம் சொல்லிவிட்டுப் போகிறாள். பெற்ற மகனிடம் கிடைக்காததை அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, அதற்குப் போய் மனசு குளிர்ந்து நிற்கிறேனே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. டம்ளரை மறுபடியும் நீட்டினேன்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்து" என்றேன். "சக்கரை போட மறந்துட்ட."