இரண்டாவது அலை வரும்வரை

நிலநடுக்கத்தின் முதல் அலை ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஊருக்கு வந்தது. இரண்டாவது அலை வந்து சேரப் பதினோரு வருடம் ஆனது. முதல் அலைக்குத் தள்ளத்தான் தெரியும். தபால் நிலைய வரிசையில் நின்ற பதினான்கு பேரும் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல ஓர் அடி முன்னே போனார்கள். முதலில் நின்றவரின் தலை கவுண்டருக்குள் போய்விட்டது. அவரை வெளியே இழுத்ததோடு விஷயம் முடிந்திருக்கும், ஒரு சுவரில்கூட விரிசல் இல்லை. ஆனால் ஊரார் முள்ளுக்காரன் என்று கூப்பிடும் ஆள் மேட்டிலிருந்து ஓடிவந்து, கையை விரித்து நடுத்தெருவில் நின்றுகொண்டான்.

மேட்டில் இருந்த ஒற்றை அறை நிலநடுக்க நிலையத்தில் அவன் மட்டும்தான் ஊழியன். உருளையில் சுற்றிய காகிதத்தின் மேல் ஒரு முள் கோடு போட்டுக்கொண்டே இருக்கும், நிலம் ஆடினால் கோடும் ஆடும். தினமும் காலை ஆறு மணிக்கு உருளைக்குச் சாவி கொடுத்துக் காகிதம் மாற்றுவது அவன் வேலை. விதிப்புத்தகத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்த ஒரே ஊழியன் அவன்தான், ஊரின் கெட்ட நேரம். இரண்டாவது அலையைக் குறிக்காமல் பதிவை மூடக் கூடாது, அதுவரை விடுப்பும் கிடையாது என்று அதில் இருந்தது.

அவன் தெருவில் நின்று விளக்கினான். கீழே இரண்டு பெரிய பாறைத்தட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகரப் பார்க்கின்றன, முடியாமல் சிக்கிக்கொள்கின்றன. திறக்காத மேசை இழுப்பறையை இழுத்துக்கொண்டே இருந்தால் ஒருநாள் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வருமே, அப்படித்தான் பாறையும் வழுக்கும். அந்த அதிர்ச்சி அலையாகக் கிளம்புகிறது. முன்னால் ஓடிவருவது தள்ளும். பின்னால் மெதுவாக வருவது பக்கவாட்டில் ஆட்டும், சுவர் விழுவது அதில்தான். மூன்றாவது ஒன்று தரையோடு தரையாக ஊர்ந்து வரும், அது எல்லாவற்றையும்விட மோசம். "முதல்ல வந்தது கதவைத் தட்டுற ஆளு," என்றான். "அடிக்கிற ஆளு பின்னால வர்றான். அரை நிமிஷம் பொறுங்க."

இரண்டு அலைகளுக்கும் இடையே எத்தனை வினாடி இருக்கிறதோ அதை எட்டால் பெருக்கினால் நிலநடுக்கம் பிறந்த இடம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி என்று தெரியும். மதியச் சாப்பாட்டுக்குள் அந்தத் தூரம் பூமியின் சுற்றளவைத் தாண்டியது. நள்ளிரவில் நிலாவைத் தாண்டியது. ஏழு மாதத்தில் சூரியனையும் தாண்டிப் போய்விட்டது. முள்ளுக்காரன் மாதாமாதம் கணக்குப் போட்டு அனுப்பினான், தலைமை அலுவலகமும் முத்திரை குத்தி வைத்துக்கொண்டது.

அந்த வாரம் வியாழக்கிழமை அவனுக்கும் பீங்கான் கடைக்காரிக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளிடம் போய், இரண்டாவது அலை வந்து போகட்டும், மறுநாளே பதிவு அலுவலகத்துக்குப் போய்விடலாம் என்றான். நியாயமாகத்தான் பட்டது. அவள் நாலாயிரத்து அறுநூறு கோப்பைகளையும் வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினாள். அப்போது அவளுக்கு முப்பது வயது.

ஊரும் பழகிக்கொண்டது. கழுத்தில் கத்தி இருக்கும்போது அலை வந்துவிட்டால் கொலைப்பழி தன்மேல் விழும் என்று சலூன்காரர் சவரத்தை நிறுத்தினார், ஆண்கள் எல்லோரும் தாடியோடு அலைந்தார்கள். குடும்பங்கள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் படுத்தன. நகராட்சித் தலைவர் மேசைக்கு அடியிலிருந்தே இரண்டு தேர்தலில் ஜெயித்தார், முகம் தெரியாததும் ஒரு காரணம். எதைத் தள்ளிப்போட வேண்டுமென்றாலும் இரண்டாவது அலை போகட்டும் என்றால் போதும், யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. பீங்கான் கடைக்காரியின் அண்ணன் மட்டும் வருடத்துக்கு ஒருமுறை மேடேறிப் போய், "மாப்பிள்ளை, அந்த அலைக்கு ஒரு லெட்டர் போட்டுப் பாருங்களேன்" என்று கேட்டுவிட்டு இறங்குவார்.

பத்தாவது வருடம் ஆழ்துளைக்கிணறு தோண்ட வந்தவர்கள், ஊருக்கு அடியில் ஒரு ஏரியே கிடக்கிறது என்றார்கள். முள்ளுக்காரன் தலையில் அடித்துக்கொண்டான். தள்ளினால் தண்ணீர் அடுத்த தண்ணீரைத் தள்ளும், அதனால் முதல் அலை கடந்துவிட்டது. பக்கவாட்டில் ஆட்டினால் தண்ணீர் ஈடுகொடுக்காது, அதற்கு ஏது முதுகெலும்பு? இரண்டாவது அலை ஏரியைக் கடக்க வழியில்லாமல் அக்கரையில் நிற்கிறது. இதைச் சொல்லக் கடைக்கு ஓடினான். பதினோராவது வருடம் முடிகிறபோதும் அதையே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளுக்குச் சலித்துவிட்டது. கோபம் இருந்தது, அதைவிட அவன்மேல் ஆசை குறையவே இல்லை என்பதுதான் அவளுக்கு அவமானமாக இருந்தது. "நிக்கிறது நிக்கட்டும்," என்றாள். "நான் நாளைக்குக் கடையைத் திறக்கிறேன். வர்றதுன்னா வந்து கோப்பையைத் துடைங்க. இல்லன்னா அந்த முள்ளையே கட்டிக்கோங்க."

மறுநாள் பெட்டிகளைப் பிரித்தாள். பதினோரு வருட வைக்கோல் தூசி. கொல்லைக் கிணற்றில் மோட்டாரைப் போட்டு ஒவ்வொரு கோப்பையாகக் கழுவினாள். இரண்டு நாள் அவன் மேட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான். மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குச் சாவியைக் கையில் எடுத்தவன், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவந்து, துணியை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தான். அவள் ஈரக் கோப்பைகளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

ஒன்பது மணிவாக்கில் மோட்டார் காற்றை இழுத்து இருமியது. ஏரியை அவள் கோப்பை கழுவியே தீர்த்திருந்தாள். அக்கரையில் நின்ற அலை நடந்தே கடந்து வந்தது. ஊர் முழுவதும் இடமும் வலமுமாகப் பத்து வினாடி ஆடியது. பதினேழு சுவர் விழுந்தது, மேசைக்கு அடியில் இருந்ததால் ஆள் ஒருவருக்கும் சேதமில்லை. முள்ளுக்காரன் மேட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளைத் தன் பின்னால் இழுத்துவிட்டு, கையை விரித்து அலமாரியைத் தாங்கினான். அலமாரி அதைச் சட்டைசெய்யாமல் விழுந்தது. ஆயிரத்து இருநூறு கோப்பைகள் உடைந்தன.

அவள் அவன் தலைமுடியிலிருந்து பீங்கான் சில்லுகளை எடுத்துக்கொண்டே, "மெஷின்ல பதிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள்.

"சாவி கொடுக்கல," என்றான்.

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு துடைப்பத்தை எடுத்தாள்.

இரண்டாவது அலை பதிவாகவில்லை என்று அவன் உண்மையையே எழுதி அனுப்பினான். அலுவலகம் விடுப்பு மறுத்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் கல்யாணம் செய்துகொண்டார்கள், மாப்பிள்ளை இரண்டு மணிக்கு வேலைக்குத் திரும்பினான். அன்று ஊரில் எல்லோரும் சவரம் செய்திருந்ததால் யார் யாரென்று தெரியாமல் கொஞ்சம் குழப்பமாகிவிட்டது. கோப்பின்படி அந்த நிலநடுக்கம் இன்னும் முடியவில்லை. ஏழு வருடம் கழித்து, தூரம் நெப்டியூனைத் தாண்டிவிட்டது, ஊழியர் விழிப்போடு காத்திருக்கவும் என்று கடிதம் வந்தது. அவர்கள் மகள் அதில் காற்றாடி செய்தாள்.

மூன்றாவது அலை இன்னும் வரவில்லை. வரும் என்றுதான் முள்ளுக்காரன் சொல்கிறான். அவன் பெண்டாட்டி நல்ல கோப்பைகளை மேல்தட்டிலேயே அடுக்குகிறாள், கைக்கு எட்டாததை அவன் எடுத்துக் கொடுக்கிறான்.