கைபடாத முந்நூறு மீட்டர்

மரக்காணத்திலிருந்து உப்பளத்துக்குப் போகும் சாலையில், இரண்டு மஞ்சள் கோடுகளுக்கு நடுவே உடைந்த எதுவும் ஐந்து வருஷம் ஒட்டவில்லை. ஆதிமூலத்தின் கட்டைவிரலில் ஏறி முறிந்த தூண்டில் முள்ளின் காயம், ஐந்து வருஷமும் அன்று காலையில் பட்டது போல ஈரமாகவே இருந்தது. அதே ஐந்து வருஷத்தில் உப்பு விலை இரண்டு தடவை ஏறி, ஒரு தடவை இறங்கியது. கோட்டுக்குள் உடைந்ததை எந்த ஊருக்கு எடுத்துப் போனாலும் அது கூடவில்லை. வெளியே உடைந்து உள்ளே வந்தவை வழக்கம்போல ஆறின. பதற வேண்டாம், முதலிலிருந்து சொல்கிறேன்.

இரண்டாயிரத்துப் பதினேழாம் வருஷம் தை மாதத்தில் சென்னையிலிருந்து சாலை ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். கடற்காற்றும் உப்பும் படுகிற தார்ச்சாலை எத்தனை வருஷம் தாங்கும் என்று கணக்கு எழுதுவது அவர்கள் வேலை. உப்பளச் சாலையில் அடுத்தடுத்து இரண்டு துண்டுகளை மஞ்சள் கோடு போட்டுக் குறித்துக்கொண்டார்கள். கிழக்குத் துண்டில் வருஷா வருஷம் மழைக்கு முன்னால் விரிசலை எல்லாம் தார் ஊற்றி அடைப்பது. மேற்குத் துண்டில் என்ன ஆனாலும் கைவைக்காமல் விடுவது. அந்த மேற்குத் துண்டு முந்நூறு மீட்டர். அதன் ஓரத்தில்தான் உப்பு வாருகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு வீடுகள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அரவிந்தன் என்ற இளம் இன்ஜினியர் ஒரு வண்டியோடு வருவார். வண்டியின் பின்னாலிருந்து ஒரு பெரிய எடை சாலையில் ‘தொம்’ என்று விழும். தார் எவ்வளவு அமுங்கியது என்பதை லேப்டாப்பில் ஏற்றுவார். அதில் ஒரு கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது ஒரு குறிப்பிட்ட எண்ணைத் தொட்டால் சாலை செத்ததாக அர்த்தம், ஆராய்ச்சி முடியும், புதுத் தார் போடுவார்கள். இரண்டாயிரத்து இருபத்தொன்பதில் தொடும் என்று கணக்கு சொன்னது.

“கைவைக்காம விட்டாத்தாங்க ஒரு ரோடு எப்படிச் சாகுதுன்னு தெரியும்” என்று அரவிந்தன் யூசுப் பாயின் டீக்கடையில் விளக்கினார். “நடுவுல ஒரு கரண்டி தார் ஊத்தினாலும் மொத்தமும் வேஸ்ட்டு.”

“அதுவரைக்கும் நாங்க இன்னா சார் பண்றது?” என்று கேட்டான் முருகையன்.

“நீங்க எப்பவும் போல இருங்க.”

இருந்தார்கள். முதலில் முத்தம்மாள் வீட்டுக் குடத்தில் ஒரு கீறல் விட்டது. எம்-சீல் வைத்து அடைத்தாள். காலையில் எம்-சீல் தனியாகக் கீழே கிடந்தது. பிறகு முருகையனும் அவன் அண்ணன் ஆதிமூலமும் படகு இன்ஜினில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். இரண்டு சாவு, ஒரு கல்யாணம் வந்தும் அந்தச் சண்டை தீரவில்லை. அதற்குள் பெண்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மீன் ஆய்வதற்கு அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு மஞ்சள் கோட்டைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள். கிழக்குத் துண்டிலோ தார் ஊற்றிய நொடியில் எல்லாம் கூடியது. யூசுப் பாய் கடைக் கண்ணாடியின் விரிசல் மறைந்தது. ஆனால் கண்ணாடி அப்போது சாய்ந்திருந்ததால் சாய்ந்தபடியே சுவரோடு ஒட்டிக்கொண்டது. இன்றும் அங்கே முகம் பார்க்கிறவர்கள் தலையைச் சாய்த்துத்தான் பார்க்கிறார்கள். மேற்கிலிருந்து யாராவது கடைக்கு வந்தால் பாய் விடமாட்டார். “உனக்குக் கண்ணாடி கிளாஸ் வாணாம்மா. பிளாஸ்டிக்ல வாங்கிக்கினு போ. உடைச்சிட்டு வந்து என் தலையில கட்டுவே.”

சாலையில் முதல் குழி விழுந்தது இரண்டாயிரத்துப் பத்தொன்பதில். உப்பு வாருகிற சூர்யகலாவின் வீட்டு வாசலுக்கு நேரே விழுந்தது. அவள் மகள் பிரியங்காவுக்கு அப்போது ஆறு வயது. சைக்கிளோடு அந்தக் குழியில் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆறு வாரம் கழித்துப் பிரித்தால் எக்ஸ்ரேயில் முறிவு புத்தம் புதிதாக இருந்தது. “புள்ளையை ஓட விட்டியா?” என்று டாக்டர் சூர்யகலாவைத் திட்டிவிட்டு மறுபடி கட்டினார். மூன்றாவது கட்டுக்குப் பிறகு அவரும் திட்டவில்லை, அவளும் போகவில்லை. இதில் ஒன்றை நான் மறைக்கக் கூடாது: எலும்பு புதிதாக இருந்தது போலவே வலியும் புதிதாக இருந்தது. மற்ற வலிகள் பழகிவிடும். இது தினமும் முதல் நாளாகவே வலித்தது.

சூர்யகலா வண்டிக்கு முன்னால் போய் நின்றாள். “சார், அந்தக் குழியை மட்டும் மூடிடுங்க. வேற ஒண்ணும் கேக்கல.”

“அக்கா, எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது” என்றார் அரவிந்தன். அவர் நல்லவர், குழந்தைக்கு எப்போதும் பிஸ்கட் வாங்கி வருவார். “ஆனா இந்த ஸ்டடிக்கே அந்தக் குழிதான் முக்கியம்.” சொல்லிவிட்டுக் குழிக்குள் ஸ்கேலை நட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

ஊர்க்காரர்களே மூடிப் பார்த்தார்கள். ஆதிமூலம் ஒரு சட்டி சிமென்ட் கொட்டிப் பூசினான். மறுநாள் அது இட்லித் தட்டிலிருந்து எடுத்தது போல முழுசாகக் குழிக்குப் பக்கத்தில் கிடந்தது. அதற்குப் பிறகுதான் சூர்யகலாவுக்கு அந்த யோசனை வந்தது. “ரோடு சாவறதுக்குத்தானே காத்துனு இருக்காங்க? சீக்கிரமா சாவட்டும்” என்றாள். உப்பு எடுத்த பின் பாத்தியில் மிஞ்சும் கசப்புத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து விரிசல்களில் ஊற்றினாள். அது காய்ந்து உப்பாகும்போது தாரை உள்ளிருந்தே பிளந்தது. மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் புருஷன் வெற்றிச்செல்வன் உப்பு லாரி ஓட்டுகிறவன். ஏற்ற வேண்டியதைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிக்கொண்டு அந்த முந்நூறு மீட்டரில் போவதும் வருவதுமாக இருந்தான். லாரி போகும்போது வீடு அதிரும். வீடு அதிர்ந்தால் எலும்பு அதிரும். பிள்ளை கத்துவது ரோட்டுக்குக் கேட்கும். “கொஞ்சம் பொறுத்துக்கடா கண்ணு, உனக்காகத்தான்” என்று காலையில் சொல்லிவிட்டுப் போவான். பிறகு லாரியின் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓட்டுவான். சில மாதத்தில் பிரியங்கா லாரியின் சத்தத்தைத் தூரத்திலேயே தெரிந்துகொண்டாள். அது வருவதற்குள் துண்டை எடுத்துப் பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொள்வாள். கத்தல் நின்றதால் அவள் தேறி வருகிறாள் என்று அப்பன் நினைத்தான்.

அரவிந்தனின் கோடு செங்குத்தாக விழுந்தது. “ஒரு ரோடு இவ்ளோ அழகா விழுந்து நான் பார்த்ததே இல்லைங்க” என்று அவர் யூசுப் பாயிடம் பூரித்துப் போனார். அந்தக் கோட்டைப் பெரிய பெரிய கூட்டங்களில் திரையில் போட்டுக் காட்டினாராம், கை தட்டினார்களாம். இரண்டாயிரத்து இருபத்திரண்டு பங்குனியில் சாலை செத்தது. வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குத் தார் லாரி வரும் என்று அறிவித்தார்கள்.

மேற்குத் துண்டு அந்த வெள்ளிக்கிழமைக்குத் தயாரானது. தார் விழும் நொடியில் எது எப்படி இருக்கிறதோ அப்படியே கூடும் என்று கிழக்கைப் பார்த்து எல்லாரும் தெரிந்துவைத்திருந்தார்கள். முத்தம்மாள் உடைந்த சட்டிகளின் சில்லுகளைப் பொருத்தி நூலால் கட்டிவைத்தாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் நர்ஸ் லூர்துமேரி வந்து ஆதிமூலத்தின் விரலிலிருந்து முறிந்த முள்ளை எடுப்பதாக ஏற்பாடு. அண்ணனையும் தம்பியையும் பத்து மணிக்கு எதிரெதிரே உட்காரவைத்து வெற்றிலை கொடுப்பது என்றும் முடிவானது. பிரியங்காவின் காலை இழுத்து நேராக்கி மூங்கில் பத்தை வைத்துக் கட்ட, திண்டிவனத்திலிருந்து எலும்புக் கட்டுக்காரர் முதல் பஸ்ஸில் வருவதாக இருந்தது. “நாளைக்குப் பத்து மணிக்கு நான் எந்திரிச்சி நடப்பனாம்மா?” என்று பிரியங்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். “நடப்பே. ஒம்பதே முக்காலுக்குக் கொஞ்சம் வலிக்கும், அப்புறம் நடப்பே.”

வியாழக்கிழமை சாயங்காலம் அரவிந்தன் தனியாக வந்தார். வண்டியில் ஸ்வீட் பெட்டியும், கலந்து வைத்த தார் ஒரு மூட்டையும் இருந்தன. நாளைக்குக் கூட்டமாக இருக்கும், இந்தக் குழியை மட்டும் தன் கையாலேயே மூடிவிட்டு அந்தக் குழந்தையின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. யாரும் அவரைக் கேட்கவில்லை. சூர்யகலா அப்போது மறுநாளுக்காக மகளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, பைப்படியிலிருந்து இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை. முறிந்த கால் தாயின் இடுப்பைச் சுற்றி முன்பக்கமாகத் தொங்கியது. “அக்கா, இங்க பாருங்க!” என்று கூப்பிட்டார் அரவிந்தன். அவள் திரும்பினாள். அவர் மூட்டையைக் கவிழ்த்து, மண்வெட்டியின் முதுகால் தட்டினார்.

அவள் கத்தியது யார் காதிலும் விழவில்லை, ஏனென்றால் அதே நேரத்தில் ஊரே கத்தியது. ஆதிமூலத்தின் விரல் முள்ளை உள்ளே வைத்துக்கொண்டே மூடியது. அண்ணனும் தம்பியும் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள், அப்படியே ராசியானார்கள். இப்போதும் அவர்கள் உயிருக்கு உயிராகப் பேசிக்கொள்கிறார்கள், ஆனால் முதுகோடு முதுகு வைத்துத்தான். சட்டிகள் மட்டும் ஒழுங்காகக் கூடின. சூர்யகலாவின் இடுப்பில் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. பிள்ளையின் தொடை எலும்பு, தாயின் இடுப்பு எப்படி வளைந்திருந்ததோ அதே வளைவில் கூடிவிட்டது.

பிரியங்கா மூன்று வருஷத்தில் முதல் தடவையாகச் சிரித்தாள். “வலி போச்சா கண்ணு?” என்று கேட்டார் அரவிந்தன்.

“போச்சு சார்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்வீட் பெட்டியைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். மறுநாள் லாரி வந்தது, புதுத் தார் போட்டார்கள்; அவர் வரவில்லை. அவருடைய கோட்டை வைத்துத்தான் இப்போது கடலோரச் சாலைகளுக்கெல்லாம் ஆயுள் சொல்கிறார்கள் என்று பேச்சு.

புதுச்சேரியில் எலும்பை மறுபடி உடைத்து நேராக்குவதாகச் சொன்னார்கள். இரண்டு உளி மழுங்கியது. அந்தச் சாயங்காலம் கூடியது எதுவும் அதற்குப் பிறகு உடையவில்லை. முத்தம்மாள் சட்டியைத் தரையில் போட்டே காட்டுவாள். இப்போது பிரியங்காவுக்கு வயது பதிமூன்று. அவளால் நடக்கவும் முடியாது, வேறு எதன்மேலும் உட்காரவும் முடியாது. அம்மாவின் இடுப்பில் மட்டும் பூட்டுக்குச் சாவி போலப் பொருந்துவாள். வெற்றிச்செல்வன் தூக்கிப் பார்த்தான், அவன் இடுப்பு சேரவில்லை. அதன் பிறகு அவன் லாரியோடு கர்நாடகப் பக்கம் போய்விட்டான். பள்ளிக்கூடத்தில் சூர்யகலா கடைசி வரிசையில் மகளோடு நின்று எட்டாம் வகுப்பு வரை வந்துவிட்டாள். லீவு நாளில் மகளைச் சுமந்துகொண்டே உப்பு வாருகிறாள்; கங்காணி பாதிக் கூலி தருகிறான், ஒரு கைதானே வேலை செய்கிறது என்கிறான். சாயங்கால பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறினால் கண்டக்டர் இரண்டு இலவச டிக்கெட் கிழித்துப் பிரியங்காவின் கையில் கொடுக்கிறார். முன் சீட்டில் இருக்கிற பெண்கள் எழுந்து இடம் கொடுப்பதில்லை. தப்பாக நினைக்க வேண்டாம். தாயாலும் மகளாலும் உட்கார முடியாதென்று எல்லாருக்கும் தெரியும்.