நொடிக்கு இருபது

"காப்பி எடுக்கிற வேகத்தை இருநூறுலேர்ந்து இருபதுக்கா? என்னம்மா விளையாடுறியா?"

"நூறு வச்சுப் பாத்தாச்சுண்ணே. ஆபரேஷன் தியேட்டர்ல படம் பாதி வந்து அப்படியே நிக்குதாம்."

மருத்துவமனையின் சர்வர்கள் அவள் பொறுப்பு. கூட வேலை பார்ப்பவரை எல்லோரும் ஒல்லி அண்ணன் என்பார்கள். இருவருக்கும் நடுவே பழைய டிஸ்க் ஒன்று டிக் டிக்கென்று முனகிக்கொண்டிருந்தது. சாகப்போகிற டிஸ்க். பத்து வருட ஸ்கேன் படங்களுக்கு வேறு பிரதி கிடையாது. காலையிலிருந்து ஒரு காப்பி புரோகிராம் அவற்றைப் பழைய வருடத்திலிருந்து ஒவ்வொரு வருடமாகப் புது டிஸ்குக்கு அள்ளிக்கொண்டிருந்தது. அது அள்ளிய வேகத்தில் புது டிஸ்குக்கு மூச்சு முட்டியது. இன்று எடுத்த படங்களும் அதில்தான். வெளியே வர வழியில்லாமல் அவை வரிசையில் நின்றன.

வரிசையில் நின்றவற்றில் ஒன்று அவள் தம்பியின் தலை.

"இந்தப் பழைய டிஸ்க் சாயங்காலம் வரைக்கும் தாங்காது. வேகமா அள்ளினாத்தான் உண்டு."

"மேல என் தம்பி மண்டையைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நீங்க என்னடான்னா…"

ஒல்லி அண்ணன் கீபோர்டை அவள் பக்கம் தள்ளினார்.

காப்பி புரோகிராமுக்கு மட்டும் கடிவாளம் போட்டாள். நொடிக்கு இருபது எம்.பி., அதற்கு மேல் கிடையாது. திரையில் வேகத்தைக் காட்டும் கோடு சரிந்தது. போன் அடித்தது.

"வந்துடுச்சு மேடம், முழுசா வந்துடுச்சு!" என்றாள் தியேட்டர் நர்ஸ்.

அவளுக்குப் போன உயிர் திரும்பியது. நேற்று தம்பி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே, "என் ஸ்கேனை யாருக்கும் காட்டிடாதக்கா, உள்ள ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சிடும்" என்று சிரித்திருந்தான்.

காப்பி இப்போது ஊர்ந்தது. போன வருடத்தை இன்னும் தொடவில்லை. டிக் டிக் சத்தம் அதிகமானது. காய்ச்சல் பார்ப்பவர்போல ஒல்லி அண்ணன் பழைய டிஸ்கின் பெட்டிமேல் கை வைத்தார்.

"கொதிக்குதும்மா."

மறுபடி போன்.

"மேடம், கட்டி கொஞ்சம் தள்ளி இருக்காம். போன வருஷம் எடுத்த படத்தோட வச்சுப் பாக்கணும்ங்கிறார் டாக்டர்."

போன வருடம். கடிவாளம் போடாமல் விட்டிருந்தால் இந்நேரம் அது புது டிஸ்கில் பத்திரமாக இருந்திருக்கும். பழைய டிஸ்க் நீளமாக ஒருமுறை கிரீச்சிட்டது. அப்புறம் சத்தமே இல்லை. ஒல்லி அண்ணன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா? டாக்டர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார். அந்தப் பழைய படத்தைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்களேன்…"