நாலு மணி பஸ்ஸுக்கு முன் ஒரு போட்டோ

பழைய பிலிம் கேமராவை அளவுக்கு மீறிப் பாதுகாத்தால் அதுவே அதற்கு வினையாகும் என்பதை என் கேமராவிலேயே கற்றுக்கொண்டேன். வாங்கிய அன்றே அதைத் தோல் உறையில் போட்டு, உறையைத் துணியில் சுற்றி, பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். இரண்டு மழைக்காலம் கழித்துத் திறந்தால் லென்ஸுக்குள் வெள்ளை நூல் நூலாகப் பூஞ்சை. லென்ஸைக் கழற்றினால் மிஞ்சும் பாடி மட்டும் பழுதில்லாமல் இருந்தது.

“நம்ம பையனைக்கூட இப்படிப் பொத்திப் பொத்தி வளர்க்கல. அதான் அவன் நல்லா இருக்கான்,” என்றாள் மனைவி.

அதற்கேற்ற லென்ஸைத் தேடி மூன்று வருடம் அலைந்தேன். கடைசியில் ஒரு வார இதழில் வரி விளம்பரம் கொடுத்தேன்: கேமரா மாடல் பெயர், பாடி நல்ல நிலை, லென்ஸ் பழுது, தொடர்பு கொள்க. இதழ் வந்ததும் என் விளம்பரத்தைத் தேடினால், அதற்கு மூன்று வரி கீழே அதே மாடல்: லென்ஸ் நல்ல நிலை, பாடி பழுது, தொடர்பு கொள்க. கொடுத்தவர் ஒரு டெய்லரம்மா. அன்றே எட்டுக் கேள்விகளை எண் போட்டுக் கடிதம் எழுதினேன். நாலாவது கேள்வி, லென்ஸை எனக்கு எப்போது தர முடியும் என்பது.

பதில் ஒரு கார்டில் வந்தது. “1. ஆமாம். 2. ஆமாம். 3. இல்லை. 4. புரியவில்லை. மற்றவை நேரில். சனிக்கிழமை மதியம் உங்கள் பாடியுடன் வரவும். அவசரம்.”

பாடியோடு வரச் சொன்னது லென்ஸைப் பொருத்திப் பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடை மாடியில் இருந்தது. ஐந்து தையல் மெஷின்கள், ஜன்னலோரம் ஒரு பெஞ்ச், தரையெங்கும் வெட்டுத்துணி. சுவரில் வரிசையாக ஒன்பது போட்டோக்கள். எல்லாவற்றிலும் அதே ஆறு பெண்கள், கடை வாசலில், வருடத்துக்கு ஒன்றாக நின்றார்கள்.

டெய்லரம்மா கழுத்தில் இஞ்ச் டேப்போடு எழுந்து வந்தார். “வாங்க சார். பாடியைக் குடுங்க. என்ன எதிர்பார்க்கறீங்கன்னு சொல்லிடுங்க.”

“நான் எதிர்பார்க்கறது உங்க லென்ஸைம்மா.”

“லென்ஸா? அதை எதுக்கு நான் தரணும்? நீங்கதானே பாடி விக்கறீங்க?”

“நான் எங்கம்மா விக்கறேன்னு சொன்னேன்?”

“நான் மட்டும் சொன்னேனா?”

இருவரும் அந்த இதழை விரித்துப் படித்தோம். இருவருமே சொல்லவில்லை. வார்த்தைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கும் பத்திரிகை. ‘தேவை’ என்ற அந்த ஒரு சொல்லை இருவரும் மிச்சம் பிடித்திருந்தோம்.

ஜன்னலோரப் பெஞ்சிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. காலடியில் பெரிய பையோடு உட்கார்ந்திருந்த அம்மாளை எல்லோரும் காஜா அக்கா என்றார்கள். பொத்தான் துளை போடுவது அவர் வேலை. பத்து வருடமாகப் போட்டவர், இன்று நாலு மணி பஸ்ஸில் மகளோடு இருக்க அவள் ஊருக்குப் போகிறார். திரும்பி வர மாட்டார். “எனக்காகத்தான் தம்பி இவ்வளவு அவசரம். பத்தாவது போட்டோல நான் இருக்கணுமாம்,” என்றார்.

“போன்ல எடுத்துடலாமே?” என்றேன்.

“போன்ல தினம் எடுக்கறோம். எடுத்ததை எவ திரும்பிப் பார்த்தா?” என்றார் டெய்லரம்மா. “சுவத்துல இருக்கறதெல்லாம் இந்த லென்ஸ்ல எடுத்தது சார்.”

அவருடைய கேமராவை வாங்கி, பின்மூடியைத் திறந்தேன். ஷட்டரின் கறுப்புத் துணித் திரை பாதி வழியில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு நின்றது. எண்ணெய் வாசனை அடித்தது.

“எண்ணெய் விட்டீங்களா?”

“வாராவாரம் எல்லா மெஷினுக்கும் விடுவேன். இது மட்டும் என்ன பாவம் பண்ணிச்சு?”

நான் பூட்டி வைத்துக் கெடுத்தேன், அவர் எண்ணெய் விட்டுக் கெடுத்திருந்தார். மணி மூன்று இருபது. மூன்று வருடம் தேடிய லென்ஸ் எதிரே மேஜைமேல் மின்னியது. காஜா அக்கா பஸ் டிக்கெட்டை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார்.

என் பாடியைப் பையிலிருந்து எடுத்தேன். அவருடைய லென்ஸை வைத்துக் கால் சுற்றுச் சுற்றியதும் ‘டக்’கென்று உட்கார்ந்தது. பிலிம் இல்லாமல் மூன்று முறை அழுத்திப் பார்த்தேன். ஷட்டர் சுத்தமாக ஓடியது.

“யாருது இது இப்போ?” என்றார் டெய்லரம்மா, சந்தேகமாக.

“முதல்ல பிலிம் போடுங்கம்மா. சண்டையை நாலு மணிக்கு மேல வச்சுக்கலாம்.”

ஆறு பேரும் வாசலில் நின்றார்கள். வெளிச்சத்தை அளந்தேன், தூரத்தைக் காலடி வைத்து அளந்தேன், அளந்ததைக் குறிப்பேட்டில் எழுதினேன்.

“தம்பி, ஜாக்கெட் தைக்கவா அளவெடுக்கறே? பஸ் போயிடும்!” என்று காஜா அக்கா கத்த, ஆறு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மூன்று படம் எடுத்தேன்.

அவரை பஸ் ஏற்றிவிட்டு எல்லோரும் திரும்பினோம். மாடியேறினோம். கேமராவை மேஜைமேல் வைத்தேன்; லென்ஸைக் கழற்றும் பொத்தானில் என் கட்டைவிரல் இருந்தது. சுவரில் ஒன்பது போட்டோவுக்குப் பக்கத்தில் காலி இடம் தெரிந்தது. விரலை எடுத்துவிட்டேன்.

“நீங்களே வச்சுக்குங்க. அந்த ஒட்டிக்கிட்ட பாடியைக் குடுங்க, பிரிச்சுப் பார்க்கறேன். திரைதான் புதுசா வெட்டணும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் வேலைக்காகாது. எனக்குக் கத்திரிக்கோல்னாலே கை நடுங்கும்.”

“துணிதானே சார்?” டெய்லரம்மா டேப்பைக் கழுத்திலிருந்து உருவினார். “நான் கல்யாண ஜாக்கெட் தைக்கறவ. அரை மில்லிமீட்டர் பிசகினா என்ன ஆகும்னு என்கிட்ட சொல்றீங்களா!”

வீட்டுக்கு வந்து கணக்குச் சொன்னேன். மனைவி கேட்டுக்கொண்டாள். “காலையில பாதி நல்ல கேமராவோட போனீங்க. இப்போ முழுசாக் கெட்டதோட வந்திருக்கீங்க. நல்ல வியாபாரம்!” என்றவள், பிரித்த திருகுகளைப் போட்டுவைக்க ஒரு தட்டைத் துடைத்துக் கொடுத்தாள்.

பழைய திரையைக் கழற்றி, அளவுக்காக டெய்லரம்மாவுக்கு அனுப்பினேன். மூன்றாவது வாரம் அவரிடமிருந்து தபால் உறை வந்தது. அளவு பிசகாமல் வெட்டிய இரண்டு கறுப்புத் துணிகள், ஒரு போட்டோ, ஒரு கார்டு.

“மூன்று படத்திலும் அக்கா சிரித்துக் கண்ணை மூடிவிட்டார். அவருக்கும் ஒன்று அனுப்பினேன். பதில் வந்தது: கண்ணு தெரியாட்டி என்ன, எல்லாப் பல்லும் படத்துல விழுந்திருக்கே, பெரிசா ஒண்ணு போட்டு அனுப்பு. சுவரில் மாட்டிவிட்டோம்.”